கோத்தகிரிச் சரிவில் ஒரு விடுதியின் மின்னழுத்தக் குறைவு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரிக்கு அருகே, சாலையிலிருந்து தேயிலைத் தோட்டத்தின் ஊடாகப் படியிறங்கிச் செல்ல வேண்டிய ஒரு வீட்டில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான சிறிய விடுதி ஒன்று நடந்துவருகிறது. நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை; ஊரில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைக்கிறார்கள். நீலகிரியில் இப்படிச் சாலைக்குக் கீழே கட்டப்பட்ட பல வீடுகளைப் போலவே, இங்கும் மின்வாரியத்தின் மீட்டர் சாலையோரச் சுவரில் இருக்கிறது. மீட்டருக்குப் பிறகான கேபிள் முழுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. அது 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள், இரண்டு கோர், ஒற்றைப் பேஸ் இணைப்பு. மீட்டர் பலகையிலிருந்து வீட்டின் மெயின் போர்டு வரை கேபிள் போகும் வழியை அளந்தால் 65 மீட்டர் வருகிறது.

விடுதியின் இரண்டு குளியலறைகளிலும் 25 லிட்டர் கொள்ளளவும் 2,000 வாட் திறனும் கொண்ட கீசர்கள் இருந்தன. மற்றபடி விளக்குகள், ஒரு ஃபிரிட்ஜ், கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஆகியவையே அங்கிருந்த மின்சுமை. விடியற்காலையில் இரண்டு கீசர்களும் ஒன்றாக ஓடும் நேரந்தான் இந்த வீட்டின் உச்சச் சுமை நேரம்.

சில ஆண்டுகளுக்கு முன் வடகிழக்குப் பருவமழையில் தோட்டத்துத் தடுப்புச் சுவர் ஒன்று சரிந்து இந்தக் கேபிளை அறுத்துவிட்டது. அப்போது அவசரத்துக்கு வந்தவர், அறுந்த இரு முனைகளும் எட்டாததால் நடுவே ஒரு மீட்டர் அளவு செம்பு ஒயரைச் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் கட்டிவிட்டுப் போனார். மறுநாளே விளக்கு எரிந்தது. அதன்பின் அந்தப் பெட்டியை யாரும் நினைக்கவில்லை.

புகாரும் முதலில் எடுத்த நடவடிக்கைகளும்

டிசம்பர் மாத உறைபனிக் காலத்தில் முதல் புகார் எழுந்தது. தண்ணீர் சுட வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகிறது என்றார்கள். இரண்டு கீசர்களும் ஓடும்போது விளக்குகள் மங்குகின்றன, சில நாட்களில் துடிக்கின்றன என்றும் சொன்னார்கள். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் வீட்டின் மெயின் போர்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 229 வோல்ட் காட்டியது. மின்னழுத்தம் சரியாக இருக்கிறது, கீசரின் எலிமென்ட்தான் பழசாகிவிட்டது என்று முடிவு செய்து, ஒரு கீசரைக் கழற்றிவிட்டு 3,000 வாட் கீசரைப் பொருத்திக் கொடுத்தார்.

புதிய கீசர் வந்த பிறகு விளக்குகள் முன்னைவிட அதிகமாக மங்கின. அதிகாலையில் மோட்டார் உறுமியபடி நின்றுவிடுவதும் தொடங்கியது. அடுத்த யோசனையாக, வீடு முழுமைக்கும் ஒரு பெரிய ஸ்டெபிலைசர் வாங்கி வைக்கச் சொன்னார்கள். அதற்கான தொகையைக் கேட்ட டீச்சர், வாங்கும் முன் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்று உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்தார். அவர் என்னிடம் தொழிற்பயிற்சி பெற்றவர். அந்தப் பழக்கத்தில் என்னையும் உடன் வரச் சொன்னார்.

முதல் எலக்ட்ரீஷியன் பார்த்த 229 வோல்ட் பொய்யான அளவு அல்ல. அவர் அளந்தபோது கீசர்கள் அணைந்திருந்தன. மின்னோட்டம் ஓடாத பாதையில் எவ்வளவு மின்தடை இருந்தாலும் அங்கே மின்னழுத்தம் இழக்கப்படாது. மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கி வரும் அளவுதான் இழப்பு என்பதால், ஒன்று சுழியானால் இழப்பும் சுழிதான். துருப்பிடித்த இணைப்பின் வழியாகவும் மல்டிமீட்டர் முழு அளவையே காட்டும், டெஸ்டரும் பளிச்சென்று எரியும். சுமையில்லாமல் அளந்து "சப்ளை நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவது நம் தொழிலில் மிகவும் பரவியிருக்கும் பழக்கம். இந்த வீட்டில் மட்டும் நடந்ததல்ல.

அளவீடு

ஒரே சுமையில், ஒரே நேரத்தில், சாலையோர மீட்டர் பலகையிலும் வீட்டு மெயின் போர்டிலும் மின்னழுத்தத்தை அளப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு இடத்து அளவுகளின் வித்தியாசத்தைக் கொண்டுதான் கணக்குப் போடப் போகிறோம் என்பதால், இரண்டு மீட்டர்களும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆகவே இரண்டையும் வீட்டின் ஒரே பிளக்கில் செருகிப் பார்த்தோம். ஒன்று மற்றதைவிட 0.3 வோல்ட் கூடுதலாகக் காட்டியது. பின்னர் அந்த மீட்டரில் எடுத்த எல்லா அளவுகளிலும் அதைக் கழித்துக்கொண்டோம். பத்துப் பன்னிரண்டு வோல்ட் வித்தியாசத்தை அளக்கும் வேலையில் மீட்டர்களின் வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால், இல்லாத பழுது இருப்பதாகத் தோன்றும்.

மோட்டாரையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டோம். கீசரின் எலிமென்ட் வெறும் மின்தடை. அதில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும், இரண்டையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். மோட்டாருக்கு இந்த நேர்க்கணக்கு பொருந்தாது. அதன் சுருள்களின் தூண்டலால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்குவதால், பெருக்கி வருவதைத் திறன் காரணியாலும் பெருக்கினால்தான் உண்மையான வாட் வரும். கீசரை மட்டும் சுமையாக வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை.

வயர்மேன் மேலே மீட்டர் பலகையருகே நின்றார். ஒயரை வெட்டாமலே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரின் தாடையைப் பேஸ் ஒயரின் மேல் மாட்டியிருந்தார். நான் கீழே மெயின் போர்டில் இருந்தேன். கைப்பேசியில் பேசியபடியே ஒரே நொடியில் இருவரும் அளவைச் சொன்னோம்.

எல்லாச் சுமையும் அணைந்திருந்தபோது மேலே 229.3 வோல்ட், கீழேயும் 229.3 வோல்ட். பழைய 2,000 வாட் கீசரை மட்டும் போட்டபோது மேலே 227.1, கீழே 221.9, மின்னோட்டம் 8.4 ஆம்பியர். இரண்டு கீசர்களையும் போட்டபோது மேலே 224.0, கீழே 211.6, மின்னோட்டம் 20.0 ஆம்பியர்.

சாலையிலேயே 229.3 என்பது 224.0 ஆக இறங்கியிருப்பது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மீட்டர் வரையுள்ள பாதையின் இழப்பு. உறைபனிக் காலக் காலையில் அக்கம்பக்கத்துக் கீசர்களின் சுமையும் அதில் கலந்திருக்கும். 230 வோல்ட்டிலிருந்து அது 3 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கியிருந்தது. மின்வாரியத்தின் பக்கம் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. மீதி 12.4 வோல்ட் மீட்டருக்கும் மெயின் போர்டுக்கும் இடையே, அதாவது டீச்சரின் சொந்தக் கேபிளில் தொலைந்துகொண்டிருந்தது.

கணக்கு

முதலில் எலிமென்ட்டின் மேல் சுமத்தப்பட்ட குற்றத்தைச் சரிபார்த்தோம். பெயர்ப்பலகையில் 230 வோல்ட், 2,000 வாட் என்று இருக்கிறது. மின்னழுத்தத்தின் இருபடியைத் திறனால் வகுத்தால் எலிமென்ட்டின் மின்தடை வரும்: 230 × 230 ÷ 2,000 = 26.45 ஓம். நாங்கள் அளந்தபடி 221.9 வோல்ட்டை 8.4 ஆம்பியரால் வகுத்தால் 26.4 ஓம். பழைய எலிமென்ட்டில் ஒரு குறையும் இல்லை. கழற்றி மூலையில் வைத்திருந்த அதன் இணைக் கீசரையும் பிளக்கில் மாட்டி அளந்தோம். அதுவும் அதே மின்தடையைத்தான் காட்டியது.

அப்படியானால் தண்ணீர் ஏன் தாமதமாகச் சுட்டது? மின்தடை மாறாத ஒரு பொருளில் திறன் மின்னழுத்தத்தின் இருபடியைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 211.6 வோல்ட் கிடைத்தால் மின்னழுத்தம் 8 சதவீதந்தான் குறைகிறது. ஆனால் திறன் 15 சதவீதம் குறைந்துவிடுகிறது. 2,000 வாட் கீசர் 1,693 வாட் மட்டுமே தருகிறது. இரண்டு கீசர்களும் சேர்ந்து பெயரளவில் 5,000 வாட், கிடைத்ததோ 211.6 × 20.0, அதாவது 4,232 வாட்.

தாமதம் முழுவதற்கும் மின்னழுத்தமே காரணம் என்று சொல்வதும் சரியாகாது. அன்று காலை குழாயில் வந்த தண்ணீர் 14 டிகிரி இருந்தது. 25 லிட்டரை 14 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற, ஒரு லிட்டருக்கு ஒரு டிகிரிக்கு 4,186 ஜூல் வீதம், ஏறத்தாழ 42.9 லட்சம் ஜூல் வேண்டும். முழு 2,000 வாட் கிடைத்தால் 36 நிமிடம். 1,693 வாட்டில் 42 நிமிடம். அதே தண்ணீர் 20 டிகிரியில் வந்தால் முழுத் திறனில் 31 நிமிடத்திலேயே சுட்டுவிடும். ஆக, நீடித்த பதினொரு நிமிடத்தில் ஏறத்தாழ பாதி குளிரின் பங்கு, மறுபாதி கேபிளின் பங்கு. டீச்சரிடம் இதைச் சொல்லிவிடுவது அவசியம் என்று நினைத்தேன். கேபிளைச் சரிசெய்த பிறகும் ஜனவரியில் கீசர் ஏப்ரல் மாத வேகத்தில் சுடாது என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

அடுத்து, பாதையின் மின்தடை. இரண்டு கீசர்களும் ஓடியபோது 12.4 வோல்ட்டை 20.0 ஆம்பியரால் வகுத்தால் 0.62 ஓம். ஒரு கீசர் மட்டும் ஓடியபோது 5.2-ஐ 8.4-ஆல் வகுத்தாலும் 0.62 ஓம். இரண்டு வேறுபட்ட சுமைகளில் ஒரே விடை வந்ததால், அளவீட்டின் மேல் எங்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

கேபிளுக்கு உரிய மின்தடை எவ்வளவு? 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியின் மின்தடை 20 டிகிரி வெப்பத்தில் கிலோமீட்டருக்கு 3.08 ஓமுக்கு மேல் போகக்கூடாது. மின்னோட்டம் பேஸ் வழியே போய் நியூட்ரல் வழியே திரும்புவதால் 65 மீட்டரை இரட்டித்து 130 மீட்டர் என்று கொள்ள வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அடிக்கடி மறந்துவிடுவது இந்தத் திரும்பும் வழியைத்தான். 130 மீட்டருக்கு 0.40 ஓம். இருப்பதோ 0.62. மீதி 0.22 ஓம் கேபிளுக்குச் சொந்தமானதல்ல. வழியில் எங்கோ அது உட்கார்ந்திருக்கிறது.

0.22 ஓம் என்பது கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். சாதாரண மல்டிமீட்டரில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே அந்த அளவு காட்டிவிடும். அதனால்தான் ஓம் அளவில் வைத்து இப்படிப்பட்ட இணைப்புகளைச் சோதிப்பதில் பயனில்லை. அதில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம். பழுதை வெளிக்காட்ட உண்மையான சுமை வேண்டும். 20 ஆம்பியர் ஓடும்போது இந்த 0.22 ஓமில் வெப்பமாகும் திறன், மின்னோட்டத்தின் இருபடியை மின்தடையால் பெருக்கினால், 88 வாட். கேபிளின் 0.40 ஓமிலும் 160 வாட் வீணாகிறது என்றாலும் அது 130 மீட்டர் கம்பியில் பரவிவிடுகிறது. கையால் தொட்டால் இளஞ்சூடுகூடத் தெரியாது. 88 வாட்டும் விரல் நீள இணைப்பு ஒன்றிரண்டில் குவிந்தால் நிலைமை வேறு. ஈயத்தை உருக்கும் சிறிய சாலிடரிங் இரும்பின் திறன் 25 வாட்தான்.

பெட்டியைத் திறந்தபோது

சுவர் சரிந்த கதையை டீச்சர் அப்போதுதான் சொன்னார். "தம்பி, அந்த மரத்துல ஒரு டப்பா கட்டியிருக்கு. மழை நாள்ல அங்கேருந்து ஏதோ கருகின வாசனை வருதுன்னு தேயிலை பறிக்க வர்றவங்க சொன்னாங்க" என்றார். வயர்மேன் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார்.

மேலே மீட்டர் பலகையிலுள்ள மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினோம். பேஸ் பக்கத்து டேப் வெளுத்து மொறுமொறுப்பாகியிருந்தது. நியூட்ரலில் மேல்பக்கத்து முறுக்கின் டேப் உருகிக் கரிந்து, அதையொட்டிய பெட்டிச் சுவர் பழுப்பேறி உள்வாங்கியிருந்தது. டேப்பைப் பிரித்தபோது அலுமினிய இழைகளின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. செம்பு ஒயர் ஒரு விரல்கடை தூரத்துக்குக் கறுத்திருந்தது. முறுக்கு, விரலால் அசைத்தாலே நகர்ந்தது.

எதனால் இப்படி ஆனது என்பதை விளக்குவது கடினமல்ல. அலுமினியம் காற்றுப் பட்ட உடனே மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. செம்போடு நேரடியாகச் சேர்ந்து ஈரமும் பட்டால், இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடந்து அலுமினியம் கரையும். மாதக்கணக்கில் மூடுபனி இறங்கும் மலைச்சரிவில் ஈரத்துக்குக் குறைவில்லை. மேலும், சூடேறும்போது அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரியும். ஒவ்வொரு நாளும் காலையில் சூடாகி, பின் குளிர்ந்து, முறுக்கு சிறிது சிறிதாகத் தளர்கிறது. தளர்ந்தால் மின்தடை கூடும், கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் தளரும். கீசரை 3,000 வாட்டாக மாற்றியது இந்தச் சுழலை வேகப்படுத்தியிருக்கிறது.

பழுது எந்த முறுக்கில் எவ்வளவு என்பதை எண்ணில் பெற விரும்பினோம். வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு, வயர்மேன் ரப்பர் கையுறை அணிந்து, சுமையைச் சில நொடிகள் மட்டும் போட்டு, ஒவ்வொரு முறுக்கின் இரு பக்கத்துக்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்தை அளந்தார். உரிமமும் பழக்கமும் இல்லாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. நியூட்ரலின் மேல் முறுக்கில் 2.9 வோல்ட், கீழ் முறுக்கில் 0.5, பேஸின் இரண்டு முறுக்குகளிலும் சேர்த்து 1.1. மொத்தம் 4.5 வோல்ட். 20 ஆம்பியரால் வகுத்தால் 0.225 ஓம், மீட்டர் பலகையருகே நின்று கணக்கிட்ட 0.22-க்கு இது போதிய அளவு நெருக்கம். கரிந்திருந்த அந்த ஒரு முறுக்கில் மட்டும் 2.9 × 20, அதாவது 58 வாட்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஸ்டெபிலைசர் வேண்டாம் என்பது முதல் முடிவு. ஸ்டெபிலைசர் குறைந்த மின்னழுத்தத்தைக் கூட்டித் தருவது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துத்தான். வீட்டுக்குள் 230 வோல்ட்டும் 5,000 வாட்டும் கிடைக்க வேண்டுமானால், 0.62 ஓம் பாதையில் ஏறத்தாழ 23.9 ஆம்பியர் ஓட வேண்டும். அப்போது கரிந்த முறுக்கின் வெப்பம் 58 வாட்டிலிருந்து 83 வாட்டாகும். முறுக்கின் மின்தடை இதே அளவில் இருந்திருந்தால், இரண்டு 2,000 வாட் கீசர்கள் மட்டும் இருந்த காலத்தில் 16.2 ஆம்பியரில் அது 38 வாட்டாக இருந்திருக்கும். வீட்டுக்குள் விளக்குகள் பிரகாசமாக எரிந்திருக்கும்; குறை தீர்ந்ததாக எல்லோரும் நம்பியிருப்பார்கள்; தோட்டத்தில் பெட்டி தீப்பிடித்திருக்கும். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் அச்சமூட்டியது இதுதான்.

எம்.சி.பி. எனும் தானியங்கிச் சுவிட்ச் காப்பாற்றியிருக்காதா என்று டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. எம்.சி.பி. மின்னோட்டம் எல்லை மீறினால் விழும். இங்கே பழுது மின்னோட்டத்தைக் கூட்டவில்லை. தொடர் மின்தடையாகச் சேர்ந்து அதைச் சிறிது குறைக்கவே செய்தது. 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 20 ஆம்பியர் சாதாரணச் சுமை. மின்கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சோ, பேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் வேறுபட்டால் மட்டுமே விழும். இங்கே இரண்டும் சமம். தளர்ந்த இணைப்பின் சூட்டைக் கண்டறியும் சாதனம் எதுவும் அந்த மெயின் போர்டில் இல்லை.

நியூட்ரலில் பழுது இருந்தது இன்னொரு வகையில் அவசரத்தைக் கூட்டியது. அந்த முறுக்கு முழுவதுமாக விட்டுப்போயிருந்தால் வீட்டில் ஒன்றும் எரியாது. ஆனால் போட்டபடி இருக்கும் கீசரின் வழியாக வீட்டுப் பக்கத்து நியூட்ரல் ஒயர் முழுவதும் பேஸின் மின்னழுத்தத்துக்கு ஏறிவிடும். கரண்ட் இல்லை என்று நம்பி யாராவது அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, அன்றே கேபிளைத் துண்டித்து, இரு முனைகளிலும் பழுதற்ற உலோகம் தெரியும்வரை வெட்டிவிட்டு, நடுவே இருந்த செம்பை நீக்கி, அதே 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் துண்டைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம். அலுமினியத்தோடு அலுமினியத்தையே சேர்த்தால் உலோக வேறுபாட்டின் தொல்லை இல்லை. இழைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஆக்சைடு படியாமல் தடுக்கும் பசையைப் பூசி, அலுமினிய ஸ்லீவில் நுழைத்து, கிரிம்பிங் கருவியால் அழுத்தினார் வயர்மேன். மேலே வெப்பத்தில் சுருங்கும் உறை; வெளியே நீர் புகாத புதிய பெட்டி. பெட்டியை மரத்தில் கட்டாமல், தடுப்புச் சுவரில் பதித்த கொக்கியில் பொருத்தினோம். மரம் காற்றில் ஆடும்போதெல்லாம் இணைப்பும் இழுபடுகிறது என்பதே காரணம்.

கேபிளை அன்றே முழுவதுமாக மாற்றிவிட வேண்டும் என்று வயர்மேன் கருதினார். நான் சில மாதம் தள்ளிப்போடலாம் என்றேன். இணைப்பு சரியானால் தீ ஆபத்து நீங்கிவிடும். மீதமிருப்பது இழப்பு மட்டுமே. விடுதியில் ஆட்கள் இருக்கும்போது, ஈரமண்ணில் புதிய குழாய் பதிப்பதைவிட, பொறுத்திருந்து கோடை விடுமுறையில் செய்வது நல்லது என்று பட்டது. அதுவரை இரண்டு கீசர்களையும் ஒரே நேரத்தில் போடுவதில்லை என்று டீச்சர் ஒப்புக்கொண்டார்.

பின்விளைவு

இணைப்பு முடிந்ததும் அதே முறையில் மீண்டும் அளந்தோம். இரண்டு கீசர்களும் ஓட, மேலே 224.0 வோல்ட், கீழே 215.6, மின்னோட்டம் 20.4 ஆம்பியர். பாதையின் மின்தடை 8.4 ÷ 20.4 = 0.41 ஓம். வெறும் கேபிளுக்குக் கணக்கிட்ட 0.40-ஐ ஏறக்குறைய எட்டிவிட்டது. ஒரு மணி நேரம் சுமையில் ஓடவிட்டு, சுமையை அணைத்துப் புதிய பெட்டியைத் திறந்து ஸ்லீவ்களின் உறையைத் தொட்டுப் பார்த்தோம். நான்கும் குளிர்ந்தே இருந்தன. விளக்குகளின் துடிப்பு அன்றோடு நின்றது.

மோட்டார் உறுமி நிற்பதும் பெரும்பாலும் குறைந்தது, ஆனால் அறவே நீங்கவில்லை. அதன் கண்டென்சரை மாற்றிய பிறகே சரியானது. இரண்டு பழுதுகள் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதால், ஒன்றைக் கண்டுபிடித்ததும் எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

மே மாதத்தில் கேபிள் முழுவதும் 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியமாக, நடுவில் ஓர் இணைப்பும் இல்லாமல் மாற்றப்பட்டது. கிலோமீட்டருக்கு 1.91 ஓம் என்ற கணக்கில் 130 மீட்டருக்கு 0.25 ஓம் எதிர்பார்த்தோம். அளந்தபோது 5.2 வோல்ட், 20.7 ஆம்பியர், 0.25 ஓம் சரியாக வந்தது. மெயின் போர்டில் செம்பு முனையத்தோடு சேரும் இடத்தில், அலுமினியத்தையும் செம்பையும் நேரடியாகத் தொடவிடாமல் இணைக்கும் இரு உலோக லக் போடப்பட்டது.

மின்கட்டணம் எவ்வளவு குறையும் என்று கேட்டவர்களுக்கு எங்களிடம் இருந்த விடை அடக்கமானதுதான். மீட்டர் சாலையில் இருப்பதால் கேபிளில் வீணாவதற்கும் டீச்சரே பணம் கட்டுகிறார். பழுதோடு இருந்தபோது கீசர்கள் ஓடும் நேரத்து யூனிட்களில் 100-க்கு ஏறத்தாழ 5.5 வழியிலேயே வெப்பமாயிற்று. இணைப்பைச் சரிசெய்தபின் 3.8, கேபிளை மாற்றியபின் 2.3. ஒரு குடும்பத்தின் பட்ஜெட்டை மாற்றும் தொகை அல்ல இது. கேபிளின் விலையைக் கட்டணச் சேமிப்பில் ஈடுகட்டிவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

புகார் வந்த முதல் நாளே, விளக்குகள் "துடிக்கின்றன" என்ற சொல்லுக்கு உரிய கவனம் தரப்பட்டிருக்க வேண்டும். மங்குவது கேபிளின் நீளத்தாலும் நேரலாம்; துடிப்பது அனேகமாக ஏதோ ஓர் இணைப்பு விட்டுவிட்டுத் தொடுகிறது என்பதன் அறிகுறி. அந்தச் சொல்லைக் கேட்டதும் பெரிய சுமைகளை நிறுத்தச் சொல்லி, மீட்டரிலிருந்து தொடங்கி எல்லா இணைப்புகளையும் பார்ப்பதே முறை.

அதிகத் திறனுள்ள கீசரை மாட்டும் முன், அது இழுக்கப்போகும் மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, அந்த மின்னோட்டத்தில் பாதை எவ்வளவு இழக்கும் என்று பார்க்க வேண்டும். 3,000 ÷ 230 என்று வகுத்தால் 13 ஆம்பியர் வருகிறது, அதை 0.62 ஓமால் பெருக்கினால் 8 வோல்ட். ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி. அந்த இரண்டு வரி எழுதப்பட்டிருந்தால் பழைய கீசர் கழற்றப்பட்டிருக்காது.

சரிவில் உள்ள வீடுகளுக்குக் கேபிள் போடும்போது, அறுந்தால் சேர்ப்பதற்கென்று இரு முனைகளிலும் ஒரு சுற்று கூடுதல் நீளம் விட்டுவைப்பது நல்லது என்று வயர்மேன் சொல்கிறார். மண் நகரும் இந்த மலையில் அது வீண்செலவு ஆகாது; அன்று அந்தச் சுற்று இருந்திருந்தால் நடுவே செம்பு வந்திருக்காது. அவசரத்துக்குப் போட்ட இணைப்பு எதுவானாலும், போட்டவரே தேதியிட்டு எழுதிக் கொடுத்து, மழை ஓய்ந்ததும் நிரந்தர இணைப்பாக மாற்ற வேண்டும் என்பதையும் அவர் தன் வேலைகளில் இப்போது கடைப்பிடிக்கிறார்.

விடுதியின் மெயின் போர்டுக் கதவின் உட்புறத்தில் ஒரு சிறு அட்டை ஒட்டியிருக்கிறோம். மேலே உள்ள மின்னழுத்தம், கீழே உள்ள மின்னழுத்தம், இரண்டு கீசர்களும் ஓடும்போதுள்ள மின்னோட்டம், வகுத்து வந்த ஓம் ஆகிய நான்கையும் எழுதத் தனித்தனிக் கட்டங்கள்; முதல் வரியில் மே மாத அளவுகள். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை முடிந்து உறைபனி தொடங்கும் முன் வயர்மேன் வந்து அடுத்த வரியை நிரப்புவார். 0.25 ஓம் 0.30-ஐத் தாண்டினால் கீசர்களை நிறுத்திவிட்டு, மீட்டர் பலகை முனையிலிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறது.